பெயரைக் கொடுத்தவர்

பெரியப்பாவிடம் எதைக் கேட்டாலும் இல்லை என்று சொல்லமாட்டார். அதனாலேயே எங்கள் குப்பத்தில் அவரிடம் யாரும் எதையும் கேட்பதில்லை. கேட்காமலே கொடுத்துவிடுவார் என்பதால், அவர் எதிரே வந்தால் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நடப்பவர்களும் இருந்தார்கள்.

ஒரு பீடி கொடுத்தால், அது விரலைச் சுடும்வரை பக்கத்திலேயே குந்தியிருப்பார். பாதியில் வீசினால் போச்சு. "இன்னாடா, அதுக்குள்ள தூக்கிப் போட்டுட்ட? உன் துட்டா அது?" என்பார். வலை கிழிந்த ஒருவருக்கு நைலான் நூல் கொடுத்தார். மறுநாள் அந்த ஆள் இறால் கூடையைக் கரையில் இறக்கும்போது, ஏலம் கேட்க வந்த பெண்களுக்கு நடுவே நின்று, "என் நூலு இன்னிக்கு ஷோக்கா வேல செஞ்சிருக்குது போல" என்றார். அந்த வலை மக்கிப் போகும்வரை அதில் விழுந்த மீனெல்லாம் பெரியப்பாவின் நூலில்தான் விழுந்தது.

எங்கள் வீட்டில் எழுதப் படிக்கத் தெரிந்த முதல் ஆள் நான். கல்லூரியில் சேர்ந்தபோது அவர் ஒரு வெள்ளைச் சட்டை வாங்கிக் கொடுத்தார். வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. முதல் வாரமே பழவேற்காடு பஸ் ஸ்டாண்டில், பொன்னேரி பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்த பிள்ளைகளுக்கு எதிரில், பின்னாலிருந்து என் காலரைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார்.

"இன்னா சோப்பு போட்றா உங்கம்மா? என் சட்டைல மஞ்ச பூத்துக்கினு கெடக்குது."

பெண்கள் சிரித்தார்கள். அன்று மாலையே சட்டையைத் துவைத்து மடித்துக் கொண்டுபோய் அவர் வீட்டு வாசலில் வைத்தேன். அவர் அதைத் தொடக்கூட இல்லை. "குடுத்தத திருப்பி வாங்கற ஆளாடா நானு? எட்த்துனு போ" என்றார். அந்தச் சட்டை இன்னும் எங்கள் வீட்டுப் பெட்டியில் இருக்கிறது. யாரும் போடவில்லை, எறியவும் இல்லை.

அவர் எனக்குச் சொந்தப் பெரியப்பா இல்லை. என் அம்மாவின் தங்கை வாழ்க்கைப்பட்ட வீட்டில் மூத்தவர். அம்மாவின் தங்கையை நான் சின்னம்மா என்பேன். சின்னம்மாவின் கணவர், என் சித்தப்பா, பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்று வந்தவர். ஊரில் அவரை எல்லோரும் மிலிட்ரி என்றுதான் கூப்பிட்டார்கள். அது ஒரு விதத்தில் வசதியாகவும் இருந்தது. ஏனென்றால் அவருடைய பெயர் அவருடையது இல்லை. பெரியப்பா கொடுத்தது.

அந்தப் பெயரை நான் இங்கே எழுதவில்லை. எழுதினால், இரண்டு பேரில் யாரைச் சொல்கிறாய் என்று கேட்பீர்கள்.

அண்ணன் தம்பி இருவரில் பெரியப்பா மட்டும்தான் பள்ளிக்கூடம் போனவர். எட்டாவது தேறிய சான்றிதழ் அவரிடம் இருந்தது. பட்டாளத்துக்கு ஆள் எடுக்கிறார்கள் என்ற செய்தி வந்தபோது அவருக்குக் கல்யாணம் ஆகியிருந்தது. எங்கள் பக்கம் கல்யாணம் ஆனவனைத்தான் ஊர் ஒரு தலைக்கட்டாகக் கணக்கில் சேர்க்கும். தலைக்கட்டு ஆனவனுக்குத்தான் பாடு கிடைக்கும். ஏரியில் எந்த இடத்தில், எந்த நாளில், யார் வலை கட்டுவது என்று ஊர் முறைவைத்துக் கொடுக்கும் உரிமைக்குப் பாடு என்று பெயர். பாடு கைக்கு வந்தவன் பட்டாளத்துக்குப் போவானா? தம்பி போனார். அண்ணனின் சான்றிதழோடு, அண்ணனின் பெயரில், அண்ணனின் பிறந்த நாளில்.

பெரியப்பாதான் முதலில் போனார், ஓட்டப் பந்தயத்தில் நுரை தள்ளித் திரும்பி வந்தார் என்று சொல்பவர்களும் ஊரில் உண்டு. போகவே பயந்தார் என்றும் சொல்வார்கள். எது உண்மை என்று எனக்குத் தெரியாது. அவர் சொன்னது இவ்வளவுதான்: "கேட்டான். குடுத்தேன்."

சித்தப்பா விடுப்பில் வரும்போதெல்லாம் நடக்கும் கூத்து எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. பெட்டியை இறக்கி வைப்பதற்குள் பெரியப்பா வந்துவிடுவார். தம்பியை நலம் விசாரிக்க மாட்டார்.

"என் பேரு எப்டிடா கீறான்? ஒயுங்கா சாப்டறானா? எவனாவது திட்றானா?"

"நல்லா கீறான்ணா. எல்லாரும் சல்யூட் அடிக்கறாங்க."

"அடிக்கணும்ல."

கேன்டீன் பாட்டிலை சித்தப்பா எடுத்து நீட்டுவார். "எனக்கு வந்தத எனக்கே குடுக்கற" என்று வாங்கிக்கொள்வார். ஒருமுறை கோயில் திருவிழாவுக்கு, தம்பியின் சீருடையில் இருந்த பதக்கத்தைக் கழற்றித் தன் சட்டையில் குத்திக்கொண்டு, சாமிக்கு முன்னால் நடந்தார். சித்தப்பா எல்லாவற்றுக்கும் சிரிப்பார். "அவரு இல்லன்னா நானு இன்னும் ஏரில கம்பு ஊனிக்கினு இருந்திருப்பேன்டா. சொல்லிட்டுப் போறாரு வுடு" என்பார். சின்னம்மா சிரித்து நான் பார்த்ததில்லை. பெரியப்பா போனபிறகு அவர் குடித்த டம்ளரைச் சாம்பல் போட்டு இரண்டு தடவை தேய்ப்பாள்.

ஆதார் எடுக்க வந்தபோது இருவரும் ஒரே பெயரைச் சொன்னார்கள், ஒரே அப்பா பெயரைச் சொன்னார்கள், ஒரே பிறந்த நாளைச் சொன்னார்கள். சித்தப்பாவுக்குப் பட்டாளத்து ஓய்வூதியம் அந்தப் பெயரில் வந்துகொண்டிருந்தது. பின்னாளில் பெரியப்பாவுக்கு முதியோர் உதவித்தொகையும் அதே பெயரில் வந்தது. இருவரும் உயிரோடு இருந்தவரை அது யாருக்கும் இடைஞ்சலாக இல்லை. சாவு வந்தபிறகுதான் எல்லோரும் எண்ணிப் பார்த்தார்கள்.

ஒரு காலையில் பல் துலக்கிக்கொண்டிருந்த சித்தப்பா அப்படியே சுவரோடு சாய்ந்தார். ஆட்டோ வருவதற்குள் முடிந்துவிட்டது.

காரியம் முடிந்ததும் சின்னம்மாவோடு நான் பேங்குக்குப் போனேன். புருஷனின் ஓய்வூதியம் மனைவிக்குக் குடும்ப ஓய்வூதியமாக மாறும் என்றும், ஜோடியாக எடுத்த படமும் அவள் பெயரும் முன்பே பதிவாகியிருப்பதால் இறப்புச் சான்றிதழ் மட்டும் போதும் என்றும் சொன்னார்கள். சின்னம்மாவுக்கு வேறு வருமானம் கிடையாது. பாடு அவர்களுக்கு இல்லை. ஊரை விட்டுப் போனவன் என்று சித்தப்பாவைத் தலைக்கட்டில் சேர்க்கவே இல்லை. மகள் செல்வி நர்ஸ் படிப்பில் பாதியில் இருந்தாள். அந்த ஓய்வூதியம் வந்தால் அடுப்பு எரியும், வராவிட்டால் இல்லை. அவ்வளவுதான்.

சாவு வீட்டிலேயே நடந்ததால் கிராம நிர்வாக அலுவலரிடம் போனோம். ஓய்வு பெறும் வயதில் இருந்தவர், நல்ல மனிதர். மனுவைப் படித்துவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"இவரு முதியோர் பென்ஷன் வாங்கறவரு ஆச்சேம்மா. போன வாரங்கூட டீக்கடைல பாத்தேனே. எனக்கு பீடி குடுத்தாரு."

"அது அவரோட அண்ணன் சார்" என்றேன்.

"அண்ணனுக்கும் தம்பிக்கும் ஒரே பேரா?"

"ஆமா சார். பெரியவரு, சின்னவருன்னு…"

"சரி, வெக்கிறதுதான். பொறந்த தேதியும் ஒண்ணா?"

அவர் என்னைப் பார்த்தார், சின்னம்மாவைப் பார்த்தார், கதவைப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"தம்பி, எனக்குப் புரியுது. புரியலன்னு வெச்சுக்குவோம். ரெண்டு பேருன்னு நான் எழுதினா மேல கேப்பாங்க. கேட்டா பட்டாளம் வரைக்கும் போகும், இந்தம்மா கைக்கு ஒண்ணும் வராது. கணக்குல ஒருத்தருதான் இருக்க முடியும். உசுரோட இருக்கறவரு சம்மதிச்சு, பென்ஷன் ரேஷன் எல்லாம் வுட்டுட்டு கம்முனு இருந்தாருன்னா, நான் எழுதறேன். அவரு ஒரு நாள் வந்து நான் சாகலன்னு சொன்னாருன்னா என் வேல போச்சு. ஊரு பொறுப்பு ஏத்துக்குமா?"

அன்று மாலை சின்னம்மா பெரியப்பா வீட்டுக்குப் போனாள். நானும் கூட இருந்தேன். பெரியப்பா முழுவதும் கேட்டுக்கொண்டார். முகம் மலர்ந்துவிட்டது. பண்டிகைக்குப் புதுத்துணி வந்த பிள்ளையின் முகம்போல இருந்தது.

"குடுத்துட்டாப் போச்சு" என்றார். "ஆனா இங்க வேணாம். வூட்டுக்குள்ள கேட்டா வூட்டுக்குள்ளதான் குடுக்க முடியும். நாளைக்குக் கோயிலாண்ட கூட்டம் இருக்குது. அங்க வந்து கேளு."

அவர் மனைவி, நான் பெரியம்மா என்று கூப்பிடுவேன், அடுப்படியில் இருந்து எட்டிப் பார்த்தாள். "கூட்டத்துல எதுக்கு? அது பாவம், தாலி அறுத்த பொம்பள" என்றாள்.

"நீ உள்ள போ."

அவள் உள்ளே போனாள்.

மறுநாள் ஊர்ப் பெரியவர்கள் கோயில் வாசலில் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். ஆண்கள் நின்றார்கள். பெண்கள் தூரத்தில், கிணற்றுப் பக்கம். சின்னம்மா முக்காடு போட்டுக்கொண்டு முன்னால் வந்தாள்.

"மாமா, உங்க பேரு எங்களுக்கு வேணும்."

"இன்னாத்துக்கு?"

"எழுதறதுக்கு."

"இன்னான்னு எழுதறதுக்கு?"

"செத்துட்டாருனு."

"யாரு செத்துட்டாருனு?"

"அவரு."

"அவரு பேரு அது இல்லையே. அது யாரு பேரு?"

சின்னம்மா தலையைக் குனிந்துகொண்டாள். யாரோ ஒருவர், "வுடு பெர்சு, போதும்" என்றார். பெரியப்பா காத்துக்கொண்டிருந்தார். அவசரமே இல்லை அவருக்கு.

"நீங்க" என்றாள் சின்னம்மா.

"கேக்கல."

"நீங்க செத்துட்டீங்கன்னு எழுதணும்."

பெரியப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு ஊரைப் பார்த்துத் திரும்பினார். "எல்லாரும் கேட்டுக்குங்க. அன்னிக்குத் தம்பி கேட்டான், பேரு குடுத்தேன். இன்னிக்கு இது கேக்குது, உசுரு குடுக்கறேன். நான் செத்துட்டேன். இனிமே எந்த ஆபீசர் வந்து கேட்டாலும் நான் செத்தவன்தான். ஊரு சாட்சி."

ஊர் சாட்சி என்று ஊர்த் தலைவரும் சொன்னார். சில பையன்கள் விசிலடித்தார்கள். கிணற்றுப் பக்கம் நின்றிருந்த பெரியம்மாவிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை.

சான்றிதழுக்கான விவரங்களை நான்தான் கட்டம் கட்டமாக எழுதிக் கொடுத்தேன். பெயர், அப்பா பெயர், மனைவி பெயர். சில மாதங்களில் சின்னம்மாவுக்குக் குடும்ப ஓய்வூதியம் வர ஆரம்பித்தது. செல்வி படிப்பை முடித்தாள்.

ஆனால் பெரியப்பா கொடுத்ததை எப்போது யாருக்கு நிம்மதியாகத் தின்ன விட்டார்? படையல் நாளில் சித்தப்பா படத்துக்கு மாலை போட்டு, இலையில் வறுத்த மீனும் ஒரு டம்ளரில் சரக்கும் வைத்திருப்பாள் சின்னம்மா. அவர் நேராக உள்ளே வருவார். "என் பேருக்குத்தானே வெச்சிருக்குது?" என்று டம்ளரை எடுத்துக் குடித்துவிட்டு, காக்கைக்கு வைப்பதற்கு முன்னாலேயே மீனைத் தின்பார். "உப்பு கம்மி. செத்தவன் சொல்லமாட்டான்னு நெனச்சியா?" ஓய்வூதியம் வரும் நாளில் பேங்க் வாசலில் நிற்பார். ஒரு பைசா கேட்கமாட்டார். கொடுத்தாலும் வாங்கமாட்டார். வரிசையில் நிற்பவர்களிடம், "தோ, இது என் சாவுத் துட்டு வாங்க வந்திருக்குது" என்று சின்னம்மாவை அறிமுகப்படுத்துவார். அவ்வளவுதான் அவருக்கு வேண்டியது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ரேஷன் கடையில் அவர் பெயரை அடித்துவிட்ட நாள் நானும் வரிசையில் இருந்தேன். காலிப் பையோடு திரும்பியவர், "செத்தவனுக்கு இன்னாத்துக்கு அரிசி?" என்று எல்லோரையும் சிரிக்கவைத்துவிட்டுப் போனார். பிறகு நான் போகும்போது, படகுகள் கட்டியிருக்கும் இடத்தில், அந்தப் பையை மடியில் விரித்து வைத்துக்கொண்டு தண்ணீரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். பெரியம்மா அந்த நாட்களில் கருவாட்டுக் கூடை தூக்க ஆரம்பித்திருந்தாள்.

"பெரியப்பா, வேற ஏதாவது வழி இருக்கான்னு விசாரிக்கட்டுமா? மனு எழுதித் தரேன்" என்றேன்.

பையைச் சட்டென்று சுருட்டி இடுப்பில் செருகினார். "குடுத்துட்டுத் திருப்பிக் கேக்கச் சொல்றியா? படிச்சா இந்த புத்திதான் வருமா? பேமானி, போடா."

செல்வியைப் பார்க்க மீஞ்சூரில் இருந்து வந்தார்கள். பையன் கம்பெனி வேலை. அம்மா, தாய்மாமன், இன்னும் இரண்டு பெண்கள். பையனுக்குப் பிடித்துவிட்டது என்பது அவன் மிக்சரைத் தொடாமல் உட்கார்ந்திருந்ததிலேயே தெரிந்தது. பட்டாளத்துக் குடும்பம் என்பதில் அந்தத் தாய்மாமனுக்குப் பெருமை. சித்தப்பாவின் படத்தைப் பார்த்து, "மிடுக்கா இருக்காரே" என்றார்.

பெரியப்பா வெள்ளை வேட்டியில் வந்தார். வந்தவர் நடுவில் உட்கார்ந்தார்.

"நீங்க யாருங்க?" என்றார் தாய்மாமன்.

"பொண்ணோட நைனா."

அவர்கள் படத்தைப் பார்த்தார்கள், மாலையைப் பார்த்தார்கள், அவரைப் பார்த்தார்கள்.

"அதுல இருக்கறது ஆளு. பேரு நானு" என்றார் பெரியப்பா. "மாசாமாசம் பென்சன் வருதே, அது என் சாவுக்கு வர்றது. அந்த துட்டுலதான் பொண்ணு படிச்சது. இந்தக் கல்யாணமே நான் செத்து நடத்தறதுதான். சும்மா சொல்லக்கூடாது, நான் குடுத்த மாதிரி ஒருத்தன் குடுக்கமாட்டான்."

தாய்மாமன் மெதுவாக ஒவ்வொன்றாகக் கேட்டார். பெரியப்பா ஒன்றையும் மறைக்கவில்லை. சான்றிதழ், பட்டாளம், கோயில் வாசல், எல்லாம் சொன்னார். சொல்லச் சொல்ல அவர் கண்கள் கலங்கின. தன் தியாகத்தைக் கேட்டு அவருக்கே அழுகை வந்தது.

அவர்கள் டீயை முழுவதும் குடித்துவிட்டுத்தான் எழுந்தார்கள். மரியாதையான மனிதர்கள். ஜாதகம் சேரவில்லை என்று இரண்டு நாளில் போன் வந்தது. ஜாதகமே கொடுத்திருக்கவில்லை.

சின்னம்மா தெருவில் நின்று பெரியப்பாவைக் கேட்டாள். "உங்களுக்கு நாங்க இன்னா மாமா பண்ணோம்?"

"இல்லாததயா சொன்னேன்? குடுத்ததச் சொன்னேன்" என்றார். உண்மையாகவே அவருக்குப் புரியவில்லை என்றுதான் நினைக்கிறேன். அந்த முகத்தில் அவ்வளவு திகைப்பு இருந்தது. அடுத்த வரன்களுக்கும் செய்தி முன்னாலேயே போய்ச் சேர்ந்துகொண்டிருந்தது. செல்வி சென்னையில் ஒரு ஆஸ்பத்திரியில் வேலைக்குப் போய்விட்டாள். லீவுக்கு வந்தாலும் வெளியே வரமாட்டாள்.

போன மழைக்காலத்தில் பெரியப்பா ஜுரத்தில் படுத்தார். ஆஸ்பத்திரிக்கு எடுத்துப்போகலாம் என்றேன். அங்கே பெயர் கேட்பார்களே என்றார். வீட்டிலேயே உயிர் போனது. ஊர் வழக்கப்படி அன்று யாரும் ஏரிக்கும் கடலுக்கும் போகவில்லை. அவரிடம் பீடி வாங்கியவர்கள், நூல் வாங்கியவர்கள், படகுக்குப் பலகை வாங்கியவர்கள் எல்லோரும் வந்து தோள் கொடுத்தார்கள். யார் முகத்திலும் அழுகை இல்லை. கடனை அடைத்துவிட்டு வருகிறவர்களைப் போல லேசாகத் திரும்பி வந்தார்கள்.

காரியம் முடிந்து சில நாள் கழித்து பெரியம்மா சின்னம்மா வீட்டுக்கு வந்தாள். நான் அங்கே இருந்தேன். செல்வியும் லீவில் வந்து உள்ளறையில் இருந்தாள். சின்னம்மா முற்றத்தில் உட்கார்ந்து நண்டு உடைத்துக்கொண்டிருந்தாள். பெரியம்மா எதிரில் குந்தினாள். நெற்றி வெறுமையாக இருந்தது.

"விதவைப் பென்சனுக்கு எழுதிக் குடுக்கலாம்னு போனேன்மே. புதுசா ஒரு ஆபீசர் வந்திருக்காரு. கம்ப்யூட்டர்ல பாத்துட்டு, இவரு எப்பவோ செத்துட்டாரேன்றாரு. பொண்டாட்டின்னு உன் பேரு இருக்குதாம். நீ யாருன்னு என்னைக் கேக்கறாரு. நீ வந்து ஒரு வார்த்த சொல்லேன். ரெண்டு பேருன்னு."

"ரெண்டு பேருன்னு சொன்னா எனக்கு வர்றது நின்னுடும்க்கா."

"நின்னுடுமா?"

"நின்னுடும். இத்தினி நாளு வாங்கனதயும் திருப்பிக் கேப்பாங்க."

"அய்யோ. அப்ப வேணாம்" என்றாள் பெரியம்மா. உடனே சொன்னாள். தரையில் கையூன்றி எழுந்திருக்கவும் பார்த்தாள். அதோடு முடிந்திருக்க வேண்டியது.

சின்னம்மா நண்டைக் கீழே வைத்தாள்.

"அவரு அன்னிக்கே கோயில் வாசல்ல செத்துட்டாரு. அவரு வாயாலயே சொன்னாரு. ஊரே கேட்டுச்சு. நீயுந்தான் கெணத்தாண்ட நின்னுக்கினு கேட்ட."

பெரியம்மாவுக்கு முதலில் புரியவில்லை. "அப்ப இத்தினி வருசமா நான் சோறு போட்டது யாருக்குடி?"

"அத என்னைக் கேட்டா? புருசன் செத்த பின்னால எவன்கூடக் குடும்பம் நடத்தனன்னு நீதான் சொல்லணும்."

உள்ளறையில் செல்வி சிரித்தாள்.

பெரியம்மா எழுந்து நின்றாள். முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். சின்னம்மாவைத் திட்டுவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று நினைத்தேன். அவள் என் பக்கம் திரும்பினாள்.

"நைனா, நீ படிச்சவன். அந்த சாவு சர்டிபிகேட்ல நெசமாவே அப்டித்தான் எழுதியிருக்குதா?"

"ஆமா பெரியம்மா" என்றேன். அப்படித்தான் எழுதியிருந்தது.